சித்தி கடைச் சாப்பாடு



போன இரண்டு இதழ்களில் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று விசாரித்து எழுதிய அத்தனை பேருக்கும் நன்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. தென் கொரியாவின் தலைநகரம் சியோலுக்குப் போய் ஐந்து வாரம் இருந்துவிட்டு வந்தேன். ஆமாம், நானேதான்! திருச்சியை விட்டுக் கிளம்பினால் திருப்பதி, மிஞ்சிப்போனால் பெங்களூர் என்று இருந்தவள்.

தங்கைக்குத் தலைப்பிரசவம். அவள் வீட்டுக்காரர் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலையில் இருக்கிறார். எனக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைப்பேறுக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொள்ள அம்மா இல்லையே என்ற குறை அவளுக்கு வரக்கூடாது என்று, அம்மா ஸ்தானத்தில் நானே கிளம்பிவிட்டேன். பெட்டியில் சுக்கு, திப்பிலி, ஓமம், ஒரு பாட்டில் பிரசவ லேகியம். "பூண்டு வேண்டாம் அக்கா, இங்கே கிடைக்கும்" என்று மாப்பிள்ளை போனிலேயே சொன்னார். நான் நம்பவில்லை. போய்ப் பார்த்தால் அந்த ஊரில் பூண்டு இல்லாமல் ஒரு பதார்த்தம் கிடையாது!

நான் போய்ச் சேர்ந்த அன்று தங்கை ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். பெண் குழந்தை. மகாலட்சுமி மாதிரி இருந்தது. சாப்பாட்டுத் தட்டு வந்தது. மூடியைத் திறந்தால் பெரிய கிண்ணம் நிறையக் கரும்பச்சையாக ஏதோ மிதக்கிறது. குளத்துப் பாசியை அள்ளிக் கொதிக்க வைத்த மாதிரி! காலையும் அதுதான், மத்தியானமும் அதுதான், ராத்திரியும் அதுதானாம். "மியோக் குக்" என்று பெயர். கடல் பாசி சூப். பிள்ளை பெற்றவளுக்கு அங்கே அதுதான் பத்தியம்.

"பச்சை உடம்புடி. ஊர் பேர் தெரியாத பாசியைக் குடிச்சு, குழந்தைக்கு மாந்தம் வந்தா யார் பார்க்கிறது?" என்று கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் ராஜ்யம்தான். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், சுட்ட அப்பளம், காலையில் லேகியம். தண்ணீர் மட்டும் அளந்து கொடுத்தேன், வேளைக்கு அரை டம்ளர் வெந்நீர். அதிகம் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்பது அம்மா சொல்லி வைத்தது. பத்தாம் நாள், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே தங்கை அழ ஆரம்பித்துவிட்டாள். மலச்சிக்கல், தூக்கமில்லை, எல்லாம் சேர்ந்துகொண்டது.

"அக்கா, எனக்கு அந்த சூப் வேணும். ஆஸ்பத்திரியில குடுத்தாங்களே, அது."

"அம்மா இருந்தா இப்படிக் கேட்பியா?"

"அம்மா இருந்தா குடுத்திருப்பாங்க."

அப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை, பாவம், நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார். சாயங்காலம் என்னிடம் வந்து, "அக்கா, நீங்க வந்ததிலிருந்து வெளியே காலே வைக்கலை. நாலு அடியில ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கு. வாங்க, ஒரு மணி நேரத்துல வந்துடலாம்" என்றார். உள்ளேயிருந்து தங்கையும், "போயிட்டு வாக்கா. குழந்தை தூங்குது, நான் பார்த்துக்கறேன்" என்றாள். கொஞ்ச நேரம் நான் வீட்டில் இல்லாமலிருந்தால் போதும் என்றிருந்தது போலும்!

அவர்கள் இருப்பது மாப்போ வட்டாரத்தில், மாங்வோன் சந்தைக்குப் பக்கத்தில். நவம்பர் கடைசி, காது மடல் விறைக்கிற குளிர். சந்துக்குள் ஒரு சின்னக் கடை. வாசலில் பெரிய பெரிய தொட்டிகளில் முட்டைக்கோஸ் மாதிரி நீளமான கோஸ் உப்பு நீரில் ஊறிக்கொண்டிருந்தது. கிம்ச்சி போடுகிற பருவமாம். குளிர் முற்றுவதற்கு முன் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, ஊறிய கோஸின் ஒவ்வொரு மடலிலும் மிளகாய்ப் பொடி, பூண்டு, இஞ்சி, முள்ளங்கி, உப்பில் ஊறிய இறால் எல்லாம் கலந்து தடவி, வருஷத்துக்கு அடுக்கி வைப்பார்கள். "கிம்ஜாங்" என்று இதற்குப் பெயர். 2013இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. கோடை வந்தால் நாம் மொட்டை மாடியில் வடாம் பிழிகிற அமர்க்களம்தான், என்ன, பட்டியலில் இன்னும் ஏறவில்லை!

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எனக்கு அதுவே பாதி நிம்மதி. தரையில் மெத்தைத் துண்டு போட்டுச் சம்மணம், எதிரே குட்டை மேஜை. உட்கார்ந்ததும் திடுக்கிட்டேன், தரை சுடுகிறது! "ஒண்டோல்" என்கிறார்கள். முன்காலத்தில் சமையலறை அடுப்பின் அனலையும் புகையையும் தரைக் கல்லுக்குக் கீழே ஓடவிட்டுச் சூடு பண்ணுவார்களாம். இப்போது தரைக்கடியில் வெந்நீர்க் குழாய். முட்டி வலிக்காரியான நான், அந்த வெதுவெதுப்புக்காகவே தினம் வரலாம் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை அடுக்களைப் பக்கம் திரும்பி "இமோ!" என்று குரல் கொடுத்தார். எழுபது வயசிருக்கும், சுருட்டை முடி, பூப்போட்ட ஏப்ரனோடு ஒரு பாட்டி எட்டிப் பார்த்தார். "இமோ"ன்னா என்ன என்று கேட்டேன். அம்மா கூடப் பிறந்தவள் என்று அர்த்தமாம். நம்ம சித்தி, பெரியம்மா இரண்டுக்கும் அதே சொல். சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற பெண்களை அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். "அப்ப பாப்பாவுக்கு நீங்க இமோ" என்றார் மாப்பிள்ளை. பக்கத்து மேஜையில் ஒரு பையன் "அப்பா! அப்பா!" என்று கத்தினான். நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். அப்பாவுக்கு அவர்களும் அப்பாதான். அம்மாவுக்கு "ஓம்மா". மொழி படித்தவர்கள் இதை வைத்து இரண்டும் ஒரே குடும்பம் என்று ஒப்புக்கொள்வதில்லையாம். எனக்கென்ன, காதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

விலைப் பட்டியல் எல்லாம் கிடையாது. அன்றைக்கு என்ன சமைத்திருக்கிறார்களோ அதுதான். "பெக்பான்" என்று பெயர். அப்படியே சொன்னால் வெள்ளைச் சோறு. நம்ம மெஸ் சாப்பாடு மாதிரி. தலைக்கு 9,000 வோன், நம் காசுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஆகும். அந்த ஊர் விலைவாசிக்கு அது மலிவுதான் என்றார்.

முதலில் சின்னச் சின்னத் தட்டுகள் வர ஆரம்பித்தன. இரண்டு மூன்று என்று நினைத்தேன், எட்டு வந்தது! தொடுகறிகளுக்குப் பொதுப் பெயர் "பஞ்சான்". கேட்கக் கேட்கக் கொண்டுவந்து வைப்பார்கள், அதற்குத் தனிக் காசில்லை. கிம்ச்சி, சதுரமாக நறுக்கிய முள்ளங்கி ஊறுகாய், நெத்திலியைச் சர்க்கரையும் சோயா சாறும் விட்டு மொறுமொறுவென்று வதக்கியது, பசலை மாதிரி ஒரு கீரை, முளைகட்டின சோயாப் பயறு, மெல்லிசாகத் தட்டிச் சுட்ட கடல்பாசித் தாள், முட்டை ஆவியில் வேக வைத்தது. எட்டாவது என்னவென்று கேட்க மறந்துவிட்டேன். அதற்குள் வாயில் போட்டுவிட்டேன்.

அந்த முளைப்பயறு நம் வீட்டுக்கு நன்றாக ஒத்துவரும். நாம் பாசிப்பயறு முளையில் செய்யலாம், அவர்களும் அதில் செய்வதுண்டு. முளை நீளமாக வரட்டும். கொதிக்கிற உப்புத் தண்ணீரில் இரண்டே நிமிஷம் போட்டு எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடுங்கள். நசுக்கின பூண்டு ஒரு பல், உப்பு, பொடியாக நறுக்கின வெங்காயத் தாள், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். கையாலேயே பிசைய வேண்டும். அவர்கள் எள்ளை வறுத்து எண்ணெய் எடுக்கிறார்கள், அதனால் வாசனை தூக்கும். நம் நல்லெண்ணெயில் அது வராது. ஆகவே ஒரு ஸ்பூன் எள்ளை வறுத்து, உள்ளங்கையில் நசுக்கி மேலே தூவிவிடுங்கள்.

சோறு வந்தது எவர்சில்வர் கிண்ணத்தில், மூடி போட்டு! ஸ்பூனும் எவர்சில்வர், குச்சிகளும் எவர்சில்வர். சீதனப் பாத்திரத்தைப் பார்த்தது போல் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கிண்ணத்துக்கு ஒரு கதை உண்டு. 1970களில் அங்கே அரிசிக்குத் தட்டுப்பாடு. சாப்பாட்டுக் கடைகளில் குவித்துப் போட்டு வீணாக்கக்கூடாது என்று 1976இல் சியோல் நகர நிர்வாகம் கிண்ணத்துக்கு அளவு வைத்துவிட்டது: 10.5 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரம். தட்டுப்பாடு போயே போய்விட்டது, கிண்ணம் மட்டும் நிலைத்துவிட்டது.

கிண்ணத்தைக் கையில் தூக்கக்கூடாது. மேஜையிலேயே இருக்க வேண்டும். சோற்றையும் சூப்பையும் ஸ்பூனால், கறியைக் குச்சியால். மேஜையில் வயதில் பெரியவர் ஸ்பூனை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுக்கலாம். மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்காகக் காத்திருக்கிறார் என்பதே எனக்குத் தெரியவில்லை! குச்சி என் கைக்கு வசப்படவில்லை. வழவழவென்று இரும்புக் கம்பி மாதிரி, நெத்திலி இரண்டு முறை மடியில் விழுந்தது. பாட்டி பார்த்துக்கொண்டேயிருந்தார். வந்து, பாசித் தாளில் ஒரு துண்டை எடுத்து, சோற்றை வைத்துக் கையாலேயே சுருட்டிக் காட்டினார். இப்படியா, அப்படியானால் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று நான் பாட்டுக்கு வெளுத்துக்கட்டினேன். சுட்ட கானாங்கெளுத்தி மீன் வந்தது, உப்பு மட்டும் போட்டு. நான் மாடும் பன்றியும் சாப்பிடுகிறதில்லை என்று மாப்பிள்ளை முன்னாடியே சொல்லி வைத்திருந்தார்.

கடைசியாக, ஆவி பறக்க ஒரு பெரிய கிண்ணம். அன்றைய சூப். மூடியைத் திறக்கிறேன், அதே பாசி!

மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன். "சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. இன்னிக்கு இதுதான் போட்டிருக்காங்க" என்றார். இன்று வரை நான் அதை நம்பவில்லை.

வேறு வழியில்லாமல் ஒரு ஸ்பூன் எடுத்து வைத்தேன். சகோதரிகளே, உள்ளதைச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. மட்டி போட்டுக் கொதிக்க வைத்தது. முதலில் நல்லெண்ணெய் மணம், அப்புறம் பூண்டு, அப்புறம் மீன் சாறு மாதிரி ஒரு ருசி. காரமே கிடையாது. பாசி நாக்கில் வழுக்கிக்கொண்டு போகிறது. அந்த வழுக்கலுக்காகவே பரீட்சை நாளில் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்க மாட்டார்களாம், படித்ததெல்லாம் வழுக்கிவிடும் என்று! பிறந்தநாளில் மட்டும் கட்டாயம் உண்டு. பெற்றவள் அன்று குடித்த சூப் என்பதால்.

பாட்டி மேஜையருகே வந்து உட்கார்ந்துகொண்டார். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று மாப்பிள்ளை சொன்னதும் கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். அந்த நாட்டில் பிள்ளைப்பேறு அவ்வளவு குறைந்துவிட்டது. 2023ஆம் வருஷக் கணக்குப்படி ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 பிள்ளைதான்.

எத்தனை நாள் ஆகிறது என்று பாட்டி கேட்டார். பத்து நாள் என்றோம். "மூணு ஏழு ஆகலை" என்றார். மூன்று ஏழு, இருபத்தொரு நாள் அவர்கள் கணக்கு. அதுவரை தாய்க்கும் பிள்ளைக்கும் குளிர் காற்று படக்கூடாது, வெளியாட்கள் வரக்கூடாது. அந்தக் காலத்தில் வாசலில் வைக்கோல் கயிறு கட்டி, ஆண் குழந்தை என்றால் சிவப்பு மிளகாயும், பெண் குழந்தை என்றால் கரித்துண்டும் பைன் மரத் தழையும் செருகுவார்களாம். நாம் வேப்பிலை செருகுகிறோமே, அதே யோசனைதான். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. என் கட்சி ஆள்தான் என்று நினைத்தேன்.

அப்புறம் பாட்டி ஏதோ கேட்டார். மாப்பிள்ளை மொழிபெயர்க்காமல் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"என்ன கேட்கிறாங்க?"

"ஒண்ணுமில்லைக்கா... அவ என்ன குடிக்கிறான்னு கேட்கிறாங்க."

என்ன சொல்வது? அரை டம்ளர் வெந்நீர் என்றேன். மாப்பிள்ளை சொன்னாரோ, மாற்றிச் சொன்னாரோ தெரியாது. பாட்டி கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அவருக்கு முதல் பிள்ளை பிறந்தபோது மாமியார் கிம்ச்சியைத் தொடவே விடவில்லையாம். காரம் ஆகாது, கடினமானதைக் கடித்தால் பல் ஆடிப்போகும். மூன்று வேளையும் பாசி சூப், பாசி சூப். ஒரு ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு, பனியில் வெறுங்காலோடு கொல்லைக்குப் போய், ஜாடி மூடியைத் தூக்கி, நின்றபடியே ஒரு முழுக் கிம்ச்சியைத் தின்றாராம். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், என் பெரியவன் பிறந்த ஆறாம் நாள், குளிக்கப் போன இடத்தில் குழாயைத் திறந்து இரண்டு கையாலும் ஏந்தி ஏந்தித் தண்ணீர் குடித்தவள் நான். அம்மா வெளியே நின்று "இன்னுமா குளிக்கிறே?" என்கிறாள். சத்தம் கேட்காமல் விழுங்கியதில் புரையேறிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவ்வளவு தாகம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே மறந்து போயிருந்தது. மாப்பிள்ளை எதிரில் எப்படிச் சொல்வது? ஆனாலும் சொல்லிவிட்டேன். அவர் பாட்டிக்குச் சொன்னார். பாட்டி என் கையைப் பிடித்து இரண்டு தட்டு தட்டிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் அதிகம். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் வயிறு போடாது. பிரசவத்தில் விரிந்த வயிற்றுத் தசை சுருங்க நாளாகும், அதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் பிறகு எனக்கு விளக்கினார். தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல்தான் மிச்சம். பால் நன்றாக ஊறப் பிள்ளை அடிக்கடி சப்பிக் குடிப்பதுதான் முதல் வழியாம்.

அதே டாக்டர் பாசி சூப்பைப் பற்றியும் சொன்னதை எழுதாமல் விட்டால் தப்பு. கடல் பாசியில் அயோடின் ஏராளம். பால் கொடுக்கிற தாய்க்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு கிண்ணம் சூப்பிலேயே அதைவிடப் பல மடங்கு இருக்கக்கூடும். அதிகமானால் பால் வழியாகப் போய்க் குழந்தையின் தைராய்டைக் கெடுக்கலாம். ஆகவே மூன்று வேளையும் வேண்டாம், ஆசைக்கு எப்போதாவது ஒரு சின்னக் கிண்ணம் என்றார். தைராய்டு கோளாறு உள்ளவர்கள், குறைமாதப் பிள்ளை பெற்றவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. அவர்கள் பத்தியத்திலும் ஓட்டை உண்டு, நம்முடையதிலும் உண்டு. பூண்டையும் மிளகு ரசத்தையும் நான் விடவில்லை, டாக்டரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாப்பாடு முடிவில், சோறு வடித்த பானையின் அடிக்காந்தலில் வெந்நீர் விட்டுக் கொதிக்க வைத்து ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். கிராமத்தில் ஆத்தா வீட்டில் குடித்தது ஞாபகம் வந்தது. உப்பு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எழுந்து கல்லாவில் பணம் கொடுத்தோம். டிப்ஸ் கொடுக்கிற வழக்கம் அங்கே கிடையாது. பாட்டி ஒரு தூக்கில் சூடாக சூப்பை ஊற்றி, துணியில் முடிந்து, இரண்டு கையாலும் நீட்டினார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கை, "என்னக்கா சாப்பிட்டே?" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டே. நான் பதில் சொல்லாமல் கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குடிக்க ஆரம்பித்தாள், தலை நிமிராமல்.

சாய்ந்து உட்காரட்டுமே என்று பின்னால் இருந்த தலையணையை நிமிர்த்தினேன். அடியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், முக்கால்வாசி காலி. மாப்பிள்ளை சட்டென்று குழந்தைக்குத் துணி மாற்றப் போய்விட்டார், அது நனைக்கவே இல்லை. நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய், நிறைத்து, அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன்.

"உப்பு கொஞ்சம் கம்மிக்கா" என்றாள் தங்கை.